வெயிலில் வைத்த ரத்தம்

ஆஸ்பத்திரியின் குழந்தைகள் பிரிவில் அவளுக்குக் கொசு என்று பெயர். வைத்தவர்கள் குழந்தைகள்தான். ரத்தம் எடுக்கும்போது பிள்ளையின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் பொத்திச் சூடாக்கிக்கொண்டே, "ஒண்ணுமில்ல ராசா, ஒரு கொசு வரும், கடிக்கும், போயிடும்" என்பாள். சொல்லி முடிப்பதற்குள் ஊசி உள்ளே போய் வெளியே வந்திருக்கும். பிள்ளை அழுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும். பெரியவர்கள் மரியாதைக்கு ஒரு அக்காவைச் சேர்த்துக் கொசுக்கா என்றார்கள். தையல்காரரான அவள் புருஷனும் வீட்டில் அப்படித்தான் கூப்பிட்டார். "கடிச்சா பரவாயில்ல, காதுகிட்ட வந்து பாடாம இருந்தா போதும்" என்பது அவருடைய நிரந்தரமான நகைச்சுவை.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. இரண்டு தடவை குத்தியும் நரம்பு கிடைக்கவில்லையென்றால் அந்தப் பிள்ளையை விட்டுவிடுவாள். எந்த டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தாலும் சரி, "இன்னிக்கு வேணாம், நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று பஞ்சை வைத்து அழுத்தி இறக்கிவிட்டுவிடுவாள். யாரும் அதற்காக அவளைக் கடிந்துகொண்டதில்லை.

பெரிய டாக்டரம்மா வந்த பிறகுதான் எல்லாம் மாறியது. வயதில் இவளைவிட இளையவள். நல்ல படிப்பு, நல்ல பேச்சு. ஊரில் உள்ள சின்னக் குழந்தைகளின் ரத்தத்தில் வைட்டமின் ஈ எவ்வளவு இருக்கிறது, செலினியம் எவ்வளவு இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஓர் ஆய்வைக் கொண்டுவந்திருந்தாள். இரண்டும் உடம்பைத் துருப்பிடிக்காமல் காக்கிற காவல்காரர்கள், இரண்டும் ஒன்றுக்கொன்று கைகொடுப்பவை, சின்ன வயதில் இவை குறைந்தால் பிள்ளைகள் நோஞ்சானாகிவிடலாம் என்று ஊழியர்களை உட்காரவைத்து வகுப்பு எடுத்தாள்.

"வைட்டமின் ஈக்கு வெளிச்சம் ஆகாது. ரத்தம் எடுத்ததும் அந்த ட்யூப்ப அலுமினியத் தாள்ல சுத்தி ஐஸ் பெட்டியில வெச்சிடணும். வெயில் பட்டா குறைஞ்சுபோயிடும். செலினியம் அப்படியில்ல. அது ஒரு தாது. வெயில்ல வெச்சாலும் அப்படியே இருக்கும்."

"புது மருமகளும் மாமியாரும் மாதிரின்னு சொல்லுங்க" என்றாள் கொசுக்கா. அறையே சிரித்தது. டாக்டரம்மாவும் சிரித்தாள். அன்றைக்கு அவளைக் கொசுக்காவுக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பகல் நேரக் குழந்தைகள் காப்பகங்களுக்கே போய் ரத்தம் எடுத்தார்கள். கொசுக்கா வசிக்கும் தெருமுனையில் இஸ்திரிக் கடை வைத்திருந்தவளின் மகன் அப்படி ஒரு காப்பகத்தில் இருந்தான். மூன்று வயது. காய்ச்சலில் கிடந்து எழுந்த பிள்ளை. இரண்டு தடவை குத்தியும் நரம்பு தட்டுப்படவில்லை. கொசுக்கா பஞ்சை எடுத்துவிட்டாள்.

"இவன இன்னிக்கு விட்டுடலாம் மேடம். அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

"எல்லாரையும் அடுத்த வாரம் அடுத்த வாரம்னு விட்டா, ஆய்வு எப்ப முடியறது? நீங்க தள்ளுங்க, நான் எடுக்கறேன்."

கூட வந்திருந்த தாயை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள் டாக்டரம்மா. பிள்ளையின் தோளைக் கொசுக்காவைப் பிடிக்கச் சொன்னாள். ஊசியை உள்ளே விட்டாள், கிடைக்கவில்லை. வெளியே எடுக்காமலே திருப்பினாள், மறுபடியும் திருப்பினாள். ஒருவழியாக ரத்தம் வந்தது. வைட்டமின் ஈக்கு ஒன்று, செலினியத்துக்கு ஒன்று என இரண்டு ட்யூபும் நிறைந்தன. பையனுக்கு அழக்கூடக் குரல் எழும்பவில்லை.

மறுநாள் அந்தக் கை முழங்கை முதல் விரல் வரை வீங்கிக் கருநீலமாக இருந்தது. விரல்களை மடக்க முடியவில்லை. தகப்பனும் தாயும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து குழந்தைகள் பிரிவின் வாசலில் நின்றார்கள். தெருவே கூட வந்திருந்தது. டாக்டரம்மா வெளியே வந்தாள். யாரும் எதுவும் கேட்பதற்கு முன்னால் பக்கத்தில் நின்ற கொசுக்காவைக் காட்டி, "ரத்தம் எடுத்தது இவங்கதான்" என்றாள்.

கொசுக்கா திகைத்துப்போய் அவள் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் இவள் பக்கம் திரும்பவேயில்லை. உதடு மட்டும் அசைந்தது. "மன்னிப்புக் கேட்டுடுங்க. இதோட முடிஞ்சிடும்."

வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். காலமெல்லாம் டாக்டர் சொன்னதைச் செய்து பழகிய உடம்பு. கை தானாகக் கும்பிட்டது. "தெரியாம நடந்துபோச்சு, மன்னிச்சிடுங்க" என்று நாக்கு சொல்லிவிட்டது. தகப்பன் ஓங்கிய கையைத் தானே கீழே இறக்கிக்கொண்டான். இஸ்திரிக் கடைக்காரி இறக்கவில்லை. "உன் கை விளங்காமப் போகணும்" என்று ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அதோடு முடிந்திருந்தாலாவது ஆறியிருக்கும். டாக்டரம்மா போகிற இடமெல்லாம் இன்னொன்றும் சொன்னாள். "பழைய ஆளு. தப்பு செஞ்சாலும் வேலைய விட்டு அனுப்ப எனக்கு மனசு வரல." செய்யாத தப்புக்கு இவள் மன்னிப்பும் கேட்டாள், அந்த மன்னிப்பை வழங்கிய புண்ணியம் மட்டும் அவளுக்குப் போய்ச் சேர்ந்தது.

பையனின் கை சில மாதங்களில் சரியாகிவிட்டது. தெரு சரியாகவில்லை. கொசுக்கா வருவதைப் பார்த்தால் தாய்மார்கள் பிள்ளைகளைக் கூப்பிட்டு உள்ளே வைத்துக்கொண்டார்கள். அவள் இஸ்திரிக் கடையைத் தாண்டும்போதெல்லாம் இஸ்திரிப் பெட்டி மேசைமேல் சற்றுப் பலமாகவே இறங்கியது.

"விடு. ஊர் வாய மூட முடியுமா?" என்றார் தையல்காரர்.

"நான் ஊர் வாயச் சொல்லல. அவ வாயச் சொல்றேன்."

"அவங்க பெரிய இடம். நாம என்ன பண்ண முடியும்?"

கொசுக்கா, அவர் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த சட்டையை வாங்கி, பல்லால் நூலைக் கடித்துத் துப்பினாள். அந்தக் கடியைப் பார்த்துவிட்டுத் தையல்காரர் மேற்கொண்டு பேசவில்லை.

டாக்டரம்மாவுக்கு எங்கே வலிக்கும் என்று யோசித்தாள். புருஷன், பிள்ளை, வீடு, எதைப் பற்றியும் அவள் பேசிக் கேட்டதில்லை. பேசுவதெல்லாம் இந்த ஆய்வைப் பற்றித்தான். அவள் பெற்ற பிள்ளையே அதுதான். அப்படியானால் அதன் கையை முறித்தால் என்ன?

காப்பகங்களில் ரத்தம் எடுக்கிற வேலை காலையில் முடிந்துவிடும். ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோகும் வண்டி மதியத்துக்கு மேல்தான் வரும். அதுவரை பெட்டிக்குக் காவல் அவள் ஒருத்திதான். ஒருநாள் கதவைச் சாத்திவிட்டு, வைட்டமின் ஈ ட்யூப்களின் அலுமினியத் தாளைப் பிரித்தாள். சன்னல் விளிம்பில், உச்சி வெயில் விழுகிற இடத்தில், ஒவ்வொன்றாக நிறுத்தினாள். பிறகு யானைப் படம் போட்ட குழந்தை நாற்காலியில் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்து, கொண்டுவந்த சோற்றைத் தின்றாள். வெயில் பட்ட ரத்தம் கண்ணாடிக்குள் மாதுளை முத்துப்போல மின்னியது. பல நாட்களுக்குப் பிறகு சோறு தொண்டையில் தடையில்லாமல் இறங்கியது.

வண்டி வருவதற்குள் தாளைப் பழையபடி சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டாள். அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. மேகம் மூடிய நாளில் எரிச்சலாக இருந்தது. செலினியம் ட்யூப்களை அவள் தொடவில்லை. தொட்டுப் பயனில்லை என்று டாக்டரம்மாவே வகுப்பில் சொல்லியிருந்தாளே.

ஆய்வுக்கூடத்தில் மாதிரிகள் கெட்டுப்போனவை என்று தெரியவரும், மொத்தத்தையும் குப்பையில் கொட்டுவார்கள், மேலிடம் டாக்டரம்மாவைக் கூப்பிட்டு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கும். இதுதான் அவள் போட்டிருந்த கணக்கு. ரத்தம் எடுக்கும் வேலை முடிந்து அந்த நல்ல செய்திக்காகக் காத்திருந்தாள்.

செய்தியைக் கொண்டுவந்தவர் ஆய்வுக்கூடத்தில் பரிசோதனை செய்பவர். தடித்த கண்ணாடி போட்டிருப்பதால் அவருக்குக் கண்ணாடிக்காரர் என்று பெயர். தேநீர் குடிக்க வந்த இடத்தில் சொன்னார்.

"கொசுக்கா, நம்ம ஊருப் பிள்ளைங்களுக்கு வைட்டமின் ஈ அடிமட்டத்துல கிடக்குது. இந்த மாதிரி எங்கயும் பாத்ததில்லையாம். மேடத்துக்குக் கால் தரையில படல."

கொசுக்கா கையிலிருந்த குவளையைக் கீழே வைத்தாள். "கால் தரையில படலயா?"

"பின்ன? பெரிய கண்டுபிடிப்பில்ல? வெளிநாட்டுல கூப்பிட்டுப் பேசச் சொல்றாங்க. எல்லாப் பிள்ளைங்களுக்கும் வைட்டமின் ஈ சொட்டு மருந்து குடுக்கப்போறாங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "எனக்கு மட்டும் சரியாப் படல. எண்ணெயும் கடலையும் சாப்பிடற பிள்ளைங்களுக்கு இவ்வளவு குறையுமா? செலினியம் அங்கங்க கொஞ்சம் கம்மியா இருக்குது, அதயும் யாரும் கண்டுக்கல. ஒரு பத்துப் பிள்ளைக்காவது திரும்ப எடுத்துப் பாக்கலாம் மேடம்னேன். உங்க வேலைய மட்டும் பாருங்கன்னுட்டாங்க."

அன்று வீட்டுக்குப் போன கொசுக்கா தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். தள்ளிவிடப் போனவளைத் தானே தூக்கிப் பல்லக்கில் வைத்துவிட்டிருக்கிறாள். இவள் வெயிலில் வைத்த ரத்தத்தைக் கொண்டு அவள் பேர் வாங்கப்போகிறாள். வயிறு எரிந்தது என்று சும்மா சொல்லவில்லை. உண்மையாகவே எரிந்தது, இரண்டு நாள் மோர் மட்டும் குடித்துக் கிடந்தாள். மூன்றாம் நாள் புருஷனிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

தையல்காரர் கையிலிருந்த துணியை மடித்து வைத்தார். "வெளியில சொன்னா உனக்குத்தான் வேலை போகும்."

"போகட்டும்."

"அந்தச் சொட்டு மருந்து பிள்ளைங்களுக்குக் கெடுதலா?"

அதை அவள் கண்ணாடிக்காரரிடம் முன்பே விசாரித்திருந்தாள். கொஞ்சமாகக் கொடுத்தால் ஒன்றுமில்லை, தேவையில்லாமல் நிறையக் கொடுத்துக்கொண்டே போனால் அடிபட்ட இடத்தில் ரத்தம் நிற்க நேரமாகலாம் என்று சொல்லியிருந்தார்.

"அதுக்காகவாவது சொல்லித்தான் ஆகணும்" என்றார் தையல்காரர்.

"அதுக்காகன்னு வெச்சுக்குங்க" என்றாள் கொசுக்கா. அவர் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள். அந்தக் காரணம் நல்ல காரணம்தான். ஆனால் அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டிருந்தால் அவள் நேராகப் போய் ஆஸ்பத்திரித் தலைவரிடம் காதோடு காதாகச் சொல்லியிருப்பாள். அவளுக்கு அது போதாது. வாசலில் தெரு முழுக்க நிற்கும்போது அவளைக் கும்பிட வைத்தார்கள். திருப்பிக் கொடுப்பதையும் அதுபோல ஒரு கூட்டத்தில்தான் கொடுக்க வேண்டும்.

கூட்டம் வந்தது. ஆய்வின் முடிவைச் சொல்லிச் சொட்டு மருந்தைத் தொடங்கிவைக்க, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து மண்டபத்தில் பெற்றோர்களை எல்லாம் கூப்பிட்டிருந்தார்கள். தலைவரும் அதிகாரிகளும் மேடையில் இருந்தார்கள். இஸ்திரிக் கடைக்காரி மகனை மடியில் வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தாள். பெட்டியில் கிடந்த நல்ல உடுப்பை எடுத்து உடுத்திக்கொண்டு வந்த கொசுக்கா, ஊழியர்களுக்கான முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

டாக்டரம்மா நன்றாகத்தான் பேசினாள். ஊழியர்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லிக்கொண்டே வந்தாள். கொசுக்காவின் முறை வந்தது. "இவங்களால ஒரு பிள்ளைக்குக் கஷ்டம் வந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். இருந்தாலும் நான் கைவிடல. கடைசி வரைக்கும் கூடவே வெச்சுக்கிட்டேன்" என்றாள். கூட்டம் கைதட்டியது.

கொசுக்கா எழுந்தாள். கைதட்டல் ஓயட்டும் என்று காத்திருந்தாள்.

"மேடம், வைட்டமின் ஈ குறைஞ்சது பிள்ளைங்களுக்கு இல்ல. நீங்க பரிசோதிச்ச ரத்தத்துக்கு. நான் அத தினமும் பிரிச்சு வெயில்ல வெச்சேன்."

முதலில் யாருக்கும் புரியவில்லை. அவள் சன்னலையும் அலுமினியத் தாளையும் வண்டி வரும் நேரத்தையும், சமையல் பக்குவம் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள்.

"இவங்களுக்கு உடம்பு சரியில்ல" என்றாள் டாக்டரம்மா. "மனசுல ஏதோ வெச்சுக்கிட்டுப் பேசறாங்க."

"மனசுல வெச்சுக்கிட்டுத்தான் பேசறேன். இல்லேங்கல. கண்ணாடிக்காரரக் கேளுங்க. வெளிச்சம் பட்டா வைட்டமின் ஈ போயிடும், செலினியம் போகாதுன்னு வகுப்பு எடுத்தது நீங்கதானே? ஒண்ணு மட்டும் அடிமட்டத்துக்குப் போனப்ப உங்களுக்குச் சந்தேகமே வரலயா?"

தலைவர் கண்ணாடிக்காரரைப் பார்த்தார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் போட்டுக்கொண்டார். "திரும்ப எடுத்துப் பாக்கலாம்னு நான் அப்பவே சொன்னேன் சார். வேணாம்னுட்டாங்க."

டாக்டரம்மாவின் கையில் இருந்த மைக் கொரகொரவென்று சத்தம் போட்டது. அதை அணைக்கத் தெரியாமல் அவள் பொத்தானைத் தேடுவதைக் கொசுக்கா பார்த்தாள். இதற்குத்தான் இத்தனை நாள் காத்திருந்தாள். கண்ணைச் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இஸ்திரிக் கடைக்காரியின் பக்கம் திரும்பினாள்.

"உன் பிள்ளை கையில ஊசியப் போட்டுத் திருப்பினது நான் இல்ல. இவங்க. நான் தோளப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அன்னிக்கு வாயத் திறக்காம மன்னிப்புக் கேட்டது மட்டும்தான் என் தப்பு."

மண்டபத்தில் எழுந்த இரைச்சலில் அதற்குமேல் யார் பேசியதும் கேட்கவில்லை. சொட்டு மருந்துப் பெட்டிகளைப் பிரிக்காமலே திரும்ப வண்டியில் ஏற்றினார்கள்.

விசாரணை நடந்தது. கொசுக்காவின் வேலை போயிற்று. விஷயம் காவல் நிலையம் வரைக்கும் போனால் ஆஸ்பத்திரியின் பெயரும் சேர்ந்து போகும் என்பதால் அதோடு விட்டார்கள். டாக்டரம்மாவிடமிருந்து ஆய்வைப் பிடுங்கிக்கொண்டார்கள். வெளிநாட்டுப் பயணம் நின்றது. அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போன அன்று, தன் அறையைக் காலி செய்துகொண்டிருந்த டாக்டரம்மாவைக் கொசுக்கா வராந்தாவில் பார்த்தாள்.

"இப்ப திருப்தியா?"

"இன்னும் இல்ல. அன்னிக்கு நான் நின்ன வாசல்ல நீங்க ஒரு தடவ நின்னு மன்னிப்புக் கேட்டீங்கன்னா ஆயிடும்."

டாக்டரம்மா புத்தகங்களை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். அவள் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கப்போவதுமில்லை. கொசுக்கா அந்தக் காலடிச் சத்தம் அடங்கும்வரை நின்றாள்.

ஒன்றை மட்டும் அவள் எண்ணிப் பார்க்கவில்லை. பழைய ரத்தம் உதவாது என்று ஆகிவிட்டதால் பிள்ளைகளுக்கெல்லாம் மறுபடியும் எடுக்க வேண்டியிருந்தது. அவளுடைய இடத்துக்கு வந்தவனுக்குப் பெரியவர்களிடம் எடுத்துத்தான் பழக்கம். தெருவை அடுத்த காப்பகத்தில் எடுத்த அன்று கொசுக்கா வெளியே சுவரோரம் நின்றாள். உள்ளே ஒரு பிள்ளை வீறிட்டது. அடங்குவதற்குள் அடுத்தது. 'கைய முதல்ல சூடாக்குடா, சூடாக்கிட்டுக் குத்து' என்று அவள் உதடு முணுமுணுத்தது. உள்ளே போக இரண்டடி வைத்தாள். காவலாளி கையை நீட்டி மறித்தான். அவன் மறிக்காவிட்டாலும் போயிருக்க முடியாது என்பது அவளுக்குத் தெரியும்.

முடிவைக் கண்ணாடிக்காரர்தான் வீடு தேடி வந்து சொன்னார். வைட்டமின் ஈ அநேகமாக எல்லாப் பிள்ளைகளுக்கும் போதுமான அளவு இருந்தது. செலினியம்தான் பல பிள்ளைகளுக்குக் குறைவு. முதல் தடவையே அது சரியாகத்தான் காட்டியிருந்தது. வைட்டமின் ஈ போட்ட கூச்சலில் யார் கண்ணிலும் படவில்லை. அந்தப் பிள்ளைகளுக்குக் காப்பகத்தில் தினமும் முட்டையும், டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தும் கொடுக்க ஆரம்பித்திருக்கிறார்களாம். எத்தனையோ மாதங்களுக்கு முன்பே ஆரம்பித்திருக்கலாம் என்றார்.

"அவ பாத்திருக்கணும்" என்றாள் கொசுக்கா. "படிச்சவதானே."

"பாத்திருக்கணும்தான்" என்றார் கண்ணாடிக்காரர். மேலே ஏதோ சொல்ல வந்தவர், தேநீரைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். தையல்காரர் மெஷினை ஓட்டாமல் உட்கார்ந்திருந்தார். அவள் குவளைகளைக் கழுவிய சத்தம் வழக்கத்தைவிடப் பெரிதாகக் கேட்டது.

கொஞ்ச நாள் கழித்து, கடையைத் தாண்டிப் போனவளை இஸ்திரிக் கடைக்காரி கூப்பிட்டாள். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"அன்னிக்கு உங்களச் சபிச்சேன். அது உங்களுக்கு வரவேண்டியதில்ல. திரும்ப எடுத்துக்கறேன்."

கொசுக்கா தலையசைத்தாள். அழுகை வந்துவிடுமோ என்றிருந்தது.

"ஆனா ஒண்ணு. அவங்க ஒரு தடவ குத்தினாங்க. ரெண்டாந்தடவ எம்புள்ளைய அந்த நாற்காலியில உக்கார வெச்சது நீங்கதான். அவனுக்கும் செலினியம் குறையுதாம். இத்தன மாசம் கழிச்சுத்தான் சொல்றாங்க. அதுக்கு நான் யாரப் போய்க் கேக்க?"

இஸ்திரிக் கடைக்காரி பதிலுக்குக் காத்திருக்கவில்லை, கடைக்குள் போய் அடுத்த துணியை உதறி விரித்தாள்.

இப்போது கொசுக்கா கடைத்தெருவில் ஒரு சின்னப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். சர்க்கரை பார்க்க வருகிற பெரியவர்களுக்குத்தான் ரத்தம் எடுக்கிறாள். குழந்தைகளைக் கொண்டுவந்தால் அவர்களை வேறு இடத்துக்கு அனுப்பிவிடுகிறாள். டாக்டரம்மா வேறு ஊரில் ஏதோ கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுப்பதாகக் கேள்வி. அதைச் சொன்னவரிடம் கொசுக்கா, "எந்த ஊராம்?" என்று கேட்டு வைத்துக்கொண்டாள்.